ரத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தோம்

இந்த நாட்டில் என் கர்ப்பப்பை வாய்க்குத் தபால் வருகிறது. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். எனக்கு நாற்பது வயது நிறைந்த மாதம், வீட்டுக் கதவின் நடுவில் வெட்டியிருக்கும் துவாரம் வழியாக, குப்பை வரி நோட்டீஸும் பீட்ஸாக் கடை விளம்பரமும் விழுகிற அதே மிதியடியின் மேல் அந்த உறையும் வந்து விழுந்தது. மேலே என் பெயர் மட்டும். நெதர்லாந்துக்கு வந்த பதினோரு வருஷத்தில் எனக்கென்று தனியாக வந்த கடிதங்கள் மிகவும் குறைவு. யாரோ என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆசையாகப் பிரித்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்கு அரசாங்கம் என்னை அன்போடு அழைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பலாம் என்று ஒரு வரியும் இருந்தது. நான் அதைத்தான் கேட்டேன். ஒரு சின்னப் பிரஷும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் வந்தன. குளியலறையில் கதவைத் தாழிட்டு, படம் பார்த்து, மனசுக்குள் எல்லாச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்டு எடுத்து முடித்தேன். தெருக்கோடியில் இருக்கும் ஆரஞ்சு நிறத் தபால்பெட்டியில் அதைப் போடும்போது திருடியவளைப் போல இரண்டு பக்கமும் பார்த்தேன். நாயோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் அடுத்த கடிதம். ஒரு வைரஸ் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஹௌஸ்ஆர்ட்ஸிடம் போய்ச் செல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹௌஸ்ஆர்ட்ஸ் என்றால் இங்கே குடும்ப டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினால் நமக்குத்தான் பயம் வருமே, அதனால் போகாமல் இருந்தேன். விட்டார்களா? இன்னொரு கடிதம். அப்புறம் டாக்டரின் உதவியாளர் மாரியன் போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். என் வயதுதான் இருக்கும், சிவந்த முகம், குதிரை வால் போட்ட தலைமுடி. இப்படித் துரத்துகிறார்களே என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல். கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தவளிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள், எந்த ஊர் என்று கேட்டாள். சதுரங்கப்பட்டினம் என்று சொல்லி, அவளுக்குப் புரியவேண்டுமே என்று, உங்கள் ஆட்கள்கூட எங்கள் ஊரில் இருக்கிறார்கள், டச்சுக் கோட்டைக்குள், கல்லறையில் என்றேன். உறவு கொண்டாடத்தான் சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டாள். முகம் இன்னும் சிவந்துபோய், எங்கள் முன்னோர்கள் செய்ததற்கெல்லாம் வருத்தப்படுகிறேன் என்றாள். நான் படுத்த வாக்கிலேயே அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது. பரவாயில்லை, நல்ல கோட்டை, பள்ளிக்கூடத்தில் இருந்து போய்ப் புளிச்சோறு சாப்பிடுவோம் என்று என் அரைகுறை டச்சில் சொன்னேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, மிகவும் மெதுவாக வேலையை முடித்தாள்.

செல்களில் கொஞ்சம் மாற்றம் இருக்கிறது, மகளிர் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் நாள். எனக்குக் காலைக் காப்பி நேரம், அவளுக்கு மீன் குழம்பு அடுப்பில் கொதிக்கிற நேரம். கலா அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இரண்டு குவார்ட்டர்ஸில் சமையல் வேலை. மாமா மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். இரண்டு பையன்கள், ஒருத்தன் ஒரகடத்தில் கார் கம்பெனியில், இன்னொருத்தன் பாலிடெக்னிக்கில். பெண்பிள்ளை கிடையாது. பெண்கள் பேசுவதைப் பேச அவளுக்கு இருப்பவர்கள் நானும், கூடவே வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுச் சாந்தியும்தான்.

நான் சொன்னதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடி இது, கவர்மெண்டே லெட்டர் போட்டு அங்க காட்டுன்னு கேக்குதா?" என்றாள். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. கூடத்தில் மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, போனோடு பின்கட்டுக்கு நடக்கிற சத்தம் கேட்டது. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு முகாம் போட்டார்களாம். சாந்திதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். "காடி மாதிரி இன்னாத்தையோ தடவுனாங்க. எரிஞ்சிது. சாந்திக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, எனக்கு வெள்ளையா கீதாம்," என்றாள். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷின் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாதவிலக்கு முடிந்த பிறகு போங்கள் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எல்லா ஊரிலும் சொல்வதுதான், எனக்கும் இங்கே அதையேதான் சொன்னார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கவலை அப்புறம்தான் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். பதினோரு வருஷமாக எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி எதுவுமே நடக்கவில்லை. அவளுக்குப் புயல் என்றால் எனக்குப் பனி. அவளுக்குப் பொங்கல் என்றால் எனக்கு ஆபீஸ் நாள். அவள் வஞ்சிரத்தின் விலை சொன்னால் நான் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொள்வேன், மீன் கண்ணில் படாது. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே கோளாறு, எனக்கும் அடுத்துத் தடவப்போவது அதே காடி. மறுபடியும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிற மாதிரி இருந்தது. அவளை அவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தூரமான மூன்று நாளும் கோயிலுக்குப் போகக் கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அப்படித்தான். பதினேழு வயதில், தூரமாக இருந்த நேரத்தில், எனக்குக் காய்ச்சல் கொதித்தது. அம்மா வயல் வேலைக்குப் போயிருந்தாள். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்த அக்காதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாளே தவிர டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துவைத்த பாவாடை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டுத்தான் கூட்டிப்போனாள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பார் அல்லவா, அவர் முன்னால் சுத்தபத்தமாக நிற்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அது பயமும் இல்லை, மூடத்தனமும் இல்லை, ஒரு மரியாதை. எனக்கும் அது அன்றைக்குத் தப்பாகத் தோன்றவில்லை.

அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது. முதல் மாதம் போகிறேன் போகிறேன் என்று கிளம்பிய நாளில் தூரமாகிவிட்டது, நின்றதும் போகிறேன் என்றாள். அடுத்த முறை பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வரை போய்விட்டாள். வழியிலேயே ஈரம் தெரிந்து, இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வந்த வழியே திரும்பிவிட்டாள். நல்ல வேளை கறுப்புப் புடவை கட்டியிருந்தேன் என்று அதையும் சிரிப்பாகச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லக்கா, நின்னதும் போ." அதற்கப்புறம் டவுன்ஷிப் வீட்டம்மாவுக்கு விருந்தாளி, மறுபடி தூரம். சின்னவனுக்குப் பரீட்சை, மறுபடி தூரம். பரவாயில்லை, நின்றதும் போ. நின்றதும் போ. இதை நான் ஐந்து முறையாவது சொல்லியிருப்பேன். ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

இதற்குள் என் கதை தபாலிலேயே நகர்ந்துகொண்டிருந்தது. தேதி அவர்களே போட்டு அனுப்புவார்கள், போவேன். மகளிர் டாக்டர் அதே காடியைத் தடவி, எதிரே இருந்த திரையில் என் உட்புறத்தை எனக்கே காட்டினார். இளஞ்சிவப்பில் ஓரமாக ஒரு வெள்ளைத் திட்டு. அக்காவுக்கும் இதுதான் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த மாதம் கம்பி வளையத்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் வந்துவிட்டது, இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று தேதி கொடுத்தார்கள். அக்காவிடம் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். எனக்காகக் கற்பூரம் ஏற்றுவதாகச் சொன்னாள். உன்னுடையது என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். "நிக்கட்டும்டி, போறேன்," என்றாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை. நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். மதியத்துக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது மாரியன் போன் செய்தாள். எப்படி இருக்கிறாய், வலி இருக்கிறதா, ரத்தம் அதிகமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இனிமேல் எப்போதாவது மாதக் கணக்குக்கு வெளியே ரத்தம் வந்தால் நிற்கட்டும் என்று காத்திருக்காதே, அன்றைக்கே கூப்பிடு, அதைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம் என்றாள். சரி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு இன்னும் இரண்டு கிழங்கு சீவினேன். மூன்றாவது கிழங்கில் கை நின்றுவிட்டது. போன ஞாயிறு அக்கா தூரம் என்றாள். அதற்கு முந்தின ஞாயிறும் சொன்னாள். அதற்கு இரண்டு ஞாயிறு முன்னால் சாந்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போகவில்லை என்றாளே, அதுவும் இதனால்தான். நாற்பத்தொன்பது வயதுக்காரிக்கு மாதத்தில் மூன்று முறை எப்படித் தூரமாகும்? எது வந்தால் ஓட்டமாக ஓட வேண்டுமோ அது வந்திருக்கிறது. அது வந்ததால்தான் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நானும் அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். படித்தவள், துண்டுப் பிரசுரத்தையெல்லாம் அகராதி வைத்துப் படித்தவள், ஒரு முறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வெளியே போய் அக்காவைக் கூப்பிட்டேன். புதன்கிழமையில் என் போன் வந்ததும் அவள் ஹலோ சொல்லவில்லை. "யாரு பூட்டாங்க?" என்றாள். யாரும் போகவில்லை என்று புரிய வைத்து, மாதத்தில் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டேன். போனோடு பின்கட்டுக்கு நடக்கிற சத்தம் மறுபடியும் கேட்டது. அப்புறம், எங்கே நிற்கிறது, வந்துகினேதான் கீது, வயசாகுது இல்ல, அடங்குற நேரம் அப்படித்தான் என்றாள். நாளைக்கே போ அக்கா, ரத்தத்தோடவே போ என்று கத்தினேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் கோலத்துல எப்டிடி கால விரிச்சிப் படுக்கறது?" என்றாள் அக்கா. "அந்த டாக்டரம்மாவும் ஒரு பொம்பள. அவுங்களுக்கு இன்னா தலையெழுத்தா?"

சனிக்கிழமையே நான் விமானம் ஏறினேன். மூன்று வாரம் விடுப்பு. சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை மாதமும் போனில் குரலைத்தான் கேட்டிருக்கிறேன். உடம்பு பாதியாகி, கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை அவளுக்கு மெரூன் நிறப் புடவை கட்டிவிட்டு, மாற்றுத்துணியும் பழைய துணியும் ஒரு பையில் வைத்து, கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினேன். திருக்கழுக்குன்றம் வந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் இறங்கித் திரும்பிய இடம் அது, எனக்குத் தெரியும். இறங்கலாமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கையை விடவில்லை. பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து அவளுக்கு அடியில் விரித்துக் கொடுத்தேன். செங்கல்பட்டு வரும்வரை இரண்டு பேரும் சன்னல் வழியாக மலையையும் ஏரியையும் பார்த்துக்கொண்டே வந்தோம். பதினோரு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான். அவள் தோள் என் தோளில் இடிக்க ஒரு பஸ் பயணம். கிடைத்த நாளைப் பாருங்கள்.

டாக்டர் சின்னப் பெண், நெற்றியில் விபூதிக் கீற்று. பரிசோதித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, எத்தனை மாதமாக இப்படி வருகிறது, ஏன் வரவில்லை என்று கேட்டார். அக்கா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்தபடி, தப்பு ஒன்றும் செய்யாதவள் போலச் சொன்னாள்.

"நடுவுல மூணு தபா கெளம்புனேம்மா. ஒரு தபா கூட அழுக்கா வந்து உங்க முன்னாடி நிக்கல."

டாக்டர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இத அழுக்குன்னு யாரும்மா சொன்னது? இதுக்காகவே நீங்க ஓடி வந்திருக்கணும்," என்றார். சதையைக் கிள்ளி அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நாளில் தெரிந்துவிட்டது. புற்றுநோய்தான். வாயைத் தாண்டிப் பக்கத்தில் கொஞ்சம் பரவியிருக்கிறது, இனி ஆபரேஷன் சரிவராது, கதிர்வீச்சுக் கரண்டு வைத்தும் மருந்து ஏற்றியும் பார்க்கலாம், குணமாக வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். முதலில் சீட்டுக் கொடுத்தபோதே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மிச்சம் எனக்குத் தெரியும். எனக்குச் செய்த மாதிரி கால் மணி நேர வேலையாகப் போயிருக்கலாம்.

இதை எழுதுகிற இன்றைக்கு அக்காவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. சோறு இறங்கவில்லை, ஆனால் ரத்தம் குறைந்துவிட்டது என்கிறாள். நான் திரும்பி வந்து எனக்குக் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்கிறேன். இங்கே என்னைக் கடிதம் போட்டுத் துரத்தினார்கள் என்று எரிச்சல்பட்டேனே, அக்காவைத் துரத்த நான் ஒருத்திதான் இருந்தேன். துரத்தாமல் பரவாயில்லை சொன்னேன். இதைப் படிக்கிற நீங்கள் ஊரிலிருந்தாலும் வெளியூரிலிருந்தாலும், உங்கள் அக்காவிடமோ அண்ணியிடமோ இன்றைக்கே கேளுங்கள், சீட்டு வாங்கி வைத்திருக்கிறாயா, எத்தனை நாள் வருகிறது என்று. அவர்கள் சிரித்து மழுப்பினால் விடாதீர்கள்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் வார்டு, அதனால் கூட இருப்பவரும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். மாமா வாசலோடு நின்றுவிட்டார். அக்காவின் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் சிஸ்டர் படிவத்தையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். உடன் இருப்பவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். ஆறு வாரமும் நீங்கள்தானே இருப்பீர்கள், ஆள் மாறினால் கஷ்டம் என்றார் சிஸ்டர். என் விமானம் சனிக்கிழமை. விடுப்பை நீட்டிக் கேட்கிறேன், கிடைக்கும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தாள்.

"அவ வெளியூரு சிஸ்டர். பூடுவா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் அங்க தேதி குடுத்துக்கிறாங்க இல்ல? அத்த உட்டுட்டு நீயும் இங்க குந்திகினு இருந்தா, ரெண்டு பேருமா சாவறதா? சாந்தி பேர எழுது."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மீன் வாங்க ஆள் அனுப்புகிற மாதிரி சொன்னாள். அந்த எழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் சாந்தி என்று எழுதினேன். போன் நம்பரை அக்கா கண்ணை மூடிக்கொண்டே மனப்பாடமாகச் சொன்னாள். சொந்தக்காரராக இருக்க வேண்டும், உறவு என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள் என்றார் சிஸ்டர். நான் பேனாவைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தேன்.

"தங்கச்சின்னு போடு," என்றாள்.

போட்டேன். சிஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.